கள்ளுக்கடையும் புழுங்கலரிசியும்

மலாய் நாட்டிலே நம் தமிழ் மக்களைப் பற்றி வழங்கிவரும் சொற்களுள் மிகப் பழையதும் மிகப் பொல்லாததும் ஒன்றுண்டு. "தமிழன் குடிகாரன், அது அவன் பிறவிக்குணம்" என்பதே அது. துரைமார் சொன்னார்கள், கிராணிமார் சொன்னார்கள், பட்டணத்தில் நாலெழுத்துக் கற்றுச் சட்டை மாட்டிக்கொண்ட நம்மவரும் தோட்டத்து உறவினரைப் பற்றிப் பேசுங்கால் இதனையே சொன்னார்கள். இன்றும் சொல்லுகிறவர்கள் இல்லாமலில்லை. இச்சொல் மெய்யோ பொய்யோ என்று காண வேண்டுமாயின் பிறவியை ஆராய்வதிற் பயனில்லை. வரவு செலவுக் கணக்குகளையும் ஆஸ்பத்திரி ஏடுகளையும் புரட்ட வேண்டும். அதற்குப் போர்டிக்சன் வட்டாரத்தையும், அது அடங்கிய நெகிரி செம்பிலான் மாநிலத்தையும் நாம் எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

சிரம்பானிலிருந்து போர்டிக்சன் துறைமுகத்துக்கு இருப்புப்பாதை 1891-ல் திறக்கப்பட்டது. முதலிற் காப்பியும், அது நொடித்தபின் ரப்பரும் அப்பாதையை ஒட்டிய காடுகளை விழுங்கின. லின்சம், சுவா பெத்தோங், தானா மேரா, பிராட்வால் முதலிய தோட்டங்களின் பெயர்களை அறியாத தமிழ்க் குடும்பம் அவ்வட்டாரத்தில் இராது. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த ஜனங்கள் லயங்களில் குடியேறினார்கள். 1928-ல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, போக்குவரத்து வசதியுள்ள இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-ல் ரப்பர் விலை வீழ்ந்ததும் அது 40 காசும் 32 காசுமாக இறங்கியது.

விடியுமுன் இருட்டிலே பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் எடுத்து, சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவனுக்கு மாலைப்பொழுது ஒன்று மிச்சமிருந்தது. அப்பொழுதைப் போக்க அவனுக்கு என்ன இருந்தது? பெரும்பாலான தோட்டங்களில் வாசகசாலை இல்லை. பத்திரிகை இல்லை. வெளியூர் உறவினன் தோட்டத்துக்குள் வந்துபோகவும் துரையின் தயவு வேண்டும். ஆனால் கள்ளுக்கடை இருந்தது. சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்று, தோட்ட நிர்வாகத்தின் கண்காணிப்பிலேயே, லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அது இருந்தது. அதில் வரும் லாபத்தைத் தொழிலாளர் நன்மைக்கே செலவிட வேண்டுமென்ற ஏற்பாடும் உண்டு. ஆகவே ஒருவன் குடித்த காசில் ஒரு பகுதி கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் பந்தயத்துக்குமாகத் திரும்பி வந்தது! அவன் வீட்டு அடுப்புக்கு மட்டும் வரவில்லை. இதனை நன்மை என்று எழுதிவைத்த பேனாவை நாம் வியவாமல் இருக்க முடியவில்லை.

சீனருக்கு அபின், தமிழருக்குக் கள் என்பதே அக்காலத்து நியதியாக இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் சர்க்கார் வருமானத்தில் பாதிக்கு மேல் அபினிலிருந்தே வந்த வருஷங்கள் உண்டு. கள்ளின் வரும்படி அவ்வளவு பெரிதன்று. ஆனால் கள்ளுக்கடையால் முதலாளிக்குக் கிடைத்த அனுகூலம் காசு மாத்திரமன்று. கையிற் காசு சேராதவன் ஊருக்குக் கப்பலேறமாட்டான். வேறு தோட்டத்துக்கும் எளிதிற் போகமாட்டான்.

கள்ளை நியாயப்படுத்தத் தோட்ட முதலாளிகள் இரண்டு வாதங்களைச் சொல்லிவந்தார்கள். கள் இல்லாவிட்டால் கூலியாட்கள் சம்சு என்னும் திருட்டுச் சாராயத்தைக் குடித்து மடிவார்கள் என்பது ஒன்று. கள் உடலுக்கு ஊட்டந்தரும் பானம், அதில் பெரிபெரி நோயைத் தடுக்கும் ஜீவசத்து இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் வாதத்தில் சிறிது உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. தென்னம்பாளையில் வடியும் இனிப்பு நீர், சுண்ணாம்பு தடவாத முட்டியில் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிறது. நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை வெறியச்சத்து அதில் ஏறும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். காய்ச்சி இறக்கும் சம்சுவிலோ அச்சத்து முப்பது, நாற்பது பங்கும் இருக்கலாம். ஆனால் ஒருவனுக்குக் குடிப்பழக்கத்தைக் கள்ளுக்கடையிலே ஊட்டிவிட்டு, கடை மூடியபின் அவன் சம்சுவைத் தேடுகிறான் என்று குறை சொல்வது எவ்விதத்தில் நியாயம்?

இரண்டாவது வாதத்தின் சங்கதி சுவையானது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் பெரிபெரி இந்நாட்டில் ஆயிரக்கணக்கானவரை அழித்துவந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், முடிவில் நெஞ்சு நின்றுபோகும். அக்காலத்தில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை வைத்தியராக இருந்தவர் பிராடன் என்பவர். ஆஸ்பத்திரிக்கு வருவோரைக் கவனித்த அவருக்கு ஒன்று புலப்பட்டது. சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக இந்நோயால் விழுந்தார்கள். அதே மாநிலத்தில், அதே மழையிலும் கொசுவிலும் வாழ்ந்த தமிழருக்கோ இந்நோய் மிக அரிதாகவே வந்தது. காரணம் அரிசியில் இருக்கிறதென்று அவர் சொன்னார். சீனர் உண்டது சீயம் தேசத்திலிருந்து வந்த, தீட்டி வெளுத்த பச்சரிசி; தமிழர் உண்டது ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி. 1907-ல் இதனை ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

அதற்குச் சற்று முன்பே, 1905-ல், கோலாலம்பூரில் சித்தசுவாதீனமற்றோர் விடுதியில் பிளெச்சர் என்ற வைத்தியர் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். விடுதியில் இருந்தவரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு வெளுத்த அரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெளுத்த அரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இருவருக்கு மாத்திரமே. அவ்விருவரும் விடுதிக்குள் வரும்போதே அதனோடு வந்தவர்கள். பிறகு 1907-ல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு வைத்தியர்கள் நம் மாநிலத்திலேயே, ஜெலுபு ஜில்லாவின் டுரியான் திப்புஸ் காட்டில் ரோடு போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவாத் தொழிலாளரிடம் இதனைச் சோதித்தார்கள். வெளுத்த அரிசி உண்ட கூட்டத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் கிளம்பியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் அரிசியைப் பின்தொடர்ந்து மாறியது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்ளுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அச்சத்தை 1926-ல் ஜாவாவில் இரு டச்சு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். இன்று அதைத் தயமின் என்கிறோம். நம் பாட்டிமார் விஞ்ஞானம் படித்து நெல்லை அவிக்கவில்லை. ஆயினும் பெரிபெரிக்கு மருந்து தமிழன் சோற்றுப்பானையில் முன்னரே இருந்தது என்பது, போர்டிக்சனிலிருந்து ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடிய இடத்தில், வெள்ளைக்கார வைத்தியர்களாலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், அந்நோய் அரிதாகவே வரும் ஜாதியாருக்கு அந்நோயைத் தடுக்கக் கள் வேண்டும் என்று வாதித்தார்கள்!

இதிலும் கொடிய வேடிக்கை வேறொன்று உண்டு. புதுக்கள்ளின் நுரையில் சிறிது தயமின் இருப்பது மெய்யே. ஆனால் மிகுதியாகக் குடிப்பவனுடைய குடல், உணவிலுள்ள தயமினை ஏற்றுக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. ஈரல் அதைச் சேர்த்துவைக்கும் திறனும் குன்றுகிறது. போதாததற்குக் குடிகாரன் சோற்றையும் வெறுக்கிறான். ஆகவே புழுங்கலரிசி காத்த உடலையே கள்ளும் சம்சுவும் திரும்பப் பெரிபெரியின் வாயிலுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. கால் எரிச்சல், பார்வைத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், நினைவு அறுந்துபோதல் ஆகிய இவை "குடிகாரன் புத்தி கெட்டவன்" என்று நாம் ஏசும் அடையாளங்கள். வைத்தியர்களுக்கோ இவை சத்துக் குறைவின் அடையாளங்கள்.

ஈரலின் கதையைத் தோட்டத்தார் அனைவரும் கண்ணாற் கண்டிருக்கிறார்கள். கண் மஞ்சளாகும், கை கால் மெலிந்து வயிறு மாத்திரம் பெருக்கும், ஒருநாள் இரத்தமாக வாந்தியெடுத்து, "நெஞ்சு வெடித்துச் செத்தான்" என்று லயத்தில் பேச்சு முடியும். நெஞ்சு வெடிப்பதில்லை, சுருங்கிய ஈரல் வழிவிடாததால் உணவுக்குழலின் நரம்புகள் புடைத்து வெடிக்கின்றன. வாய், தொண்டை, உணவுக்குழல், ஈரல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் 1988-லேயே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மதுவைச் சேர்த்துவிட்டது.

இனி, இவ்வளவையும் நம்மவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று கேட்கலாம். இல்லை. தாய்நாட்டில் 1921-ல் ஈரோட்டில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததையும், நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கியதையும் இங்குள்ளோர் கேள்வியுற்றிருந்தார்கள். 1929 டிசம்பரில் பெரியாரே இந்நாட்டுக்கு வந்தார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது; 1935-ல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு பிறந்தது. 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கியபோது, நம் தோட்டங்களிலிருந்த சேலத்துக்காரருக்கு ஊரிலே கடை இல்லை, கடல்கடந்த லயத்திலே கடை உண்டு என்ற விபரீத நிலை ஏற்பட்டது.

தொழிலாளரே வாய்திறந்தது 1941-ல். நமக்கு அடுத்த சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டது. அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரையின் முன் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை. இவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. பிறவியிலேயே குடிகாரர் என்று சொல்லப்பட்டவர் தாமே கடையை மூடச் சொன்னார்கள்! சர்க்காரின் பதில் பட்டாளமாக வந்தது. ஐவர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். யுத்தம் முடிந்தபின் வடக்கே கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பிடோங்கில் போலீசாரோடு நேர்ந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒரு கடையை மூடும்படி கேட்டதற்காக ஓர் உயிர்.

முதலாளியையும் சர்க்காரையும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சாராயம் படைத்து, சாமி முகர்ந்த மிச்சத்தை நாம் குடித்தோம். கல்யாணமென்றாலும் கருமாதியென்றாலும் குடி. சீர்திருத்தக்காரராகிய நாமும், மேடையேறிக் குடிகாரனைப் பன்றியென்றும் நாயென்றும் வைதுவிட்டுக் கைதட்டல் பெற்று இறங்கினோம். பட்டணத்துக் கிளப்பில் விஸ்கி குடிப்பவன் கனவான், தோட்டத்தில் கள் குடிப்பவன் குடிகாரன் என்ற பேதத்தையும் நாமே காப்பாற்றினோம். வசவினால் ஒருவன் குடியை விட்டதாக நாம் கண்டதில்லை. குடித்துவிட்டு வந்து, அவமானம் தாங்காமல் மறுபடியும் குடிக்கப் போனவர்களைக் கண்டிருக்கிறோம்.

குடிநோய் ஒரு நோய் என்ற எண்ணம் நம் சமூகத்தில் வேரூன்ற வெகுகாலம் பிடித்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரை இழந்தபின், 1980-ல் டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, குடிநோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்தே நடத்தும் சிகிச்சையைத் தமிழில் தொடங்கினார். அதே தமிழ்நாட்டில் 1971-ல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டதும், 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை நடத்திவருவதும் வாசகர்கள் அறிந்தவை. கள்ளுக்கடைக் கணக்குப் புத்தகத்தின் அட்டைதான் மாறியது.

போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பழைய லயத்துப் பிள்ளைகள் லுக்குட்டிலும் சிரம்பானிலும் குடியிருக்கிறார்கள். கள் போய்ப் புட்டிச் சாராயம் வந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது பலரைக் கொன்றது. மாண்டவருட் பெரும்பாலோர் நம் பாட்டன்மாரைப்போல் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்.

வீட்டில் குடிநோயாளி உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பல்லாண்டு தினமும் குடித்தவனை அறையிற் பூட்டித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல்நாளே கை நடுங்கும்; இரண்டொரு நாளில் வலிப்பு வரலாம்; அதன்பின் இல்லாததைக் கண்டு பிதற்றும் சன்னி ஏறி உயிரும் போகலாம். ஊர்க்கோடியில் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிப்பது இதற்குத்தான். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச்சென்று, எவ்வளவு குடிப்பான், கடைசியாக எப்பொழுது குடித்தான் என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். அங்கே நடுக்கத்தை அடக்க மருந்து கொடுப்பார்கள். அதனுடன், வரும் நோயாளிக்குத் தாமதமின்றி ஊசியாக ஏற்றுவது தயமின். ஜெலுபுக் காட்டில் 1907-ல் புழுங்கலரிசிச் சோற்றோடு அளக்கப்பட்ட அதே பொருள்.