திரையில் காணும் பழமையும் மண்ணில் கிடைக்கும் பழமையும்

மணவாள நகரில் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒரு ஞாயிறு மாலை என்னிடம் வந்தான். ரோமானிய வாள்வீரர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை முன்தினம் தொலைக்காட்சியில் பார்த்திருந்தான். “சார், பேரரசர் கட்டை விரலைக் கீழ்நோக்கிக் காட்டினால் தோற்றவனைக் கொன்றுவிடுவார்களாமே, உண்மையா?” என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். பழைய லத்தீன் நூல்கள், விரலைத் ‘திருப்பினார்கள்’ என்று மட்டுமே கூறுகின்றன. மேலா, கீழா, பக்கவாட்டிலா என்று அவை விளக்கவில்லை. இன்று நாம் திரையில் காணும் காட்சியைப் பரப்பியது 1872-இல் பிரெஞ்சு ஓவியர் ழெரோம் தீட்டிய ஓவியம். ஓவியத்திலிருந்து அது திரைப்படத்துக்குச் சென்றது. அங்கிருந்து ஆவணப்படத்துக்கும் வந்து, வரலாறு என்ற பெயரைப் பெற்றுவிட்டது!

எலும்புகளோ வேறு செய்தி சொல்கின்றன. துருக்கியிலுள்ள எபேசு நகரில் 1993-இல் இவ்வீரர்களின் இடுகாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அங்குக் கிடைத்த எலும்புகளில் நன்கு ஆறிப்போன காயங்கள் பல இருந்தன. காயம் ஆறியிருக்கிறது என்றால், அடிபட்டவன் பிழைத்தான், அவனுக்கு மருத்துவமும் கிடைத்தது என்று பொருள். ஆகவே ஒவ்வொரு சண்டையும் சாவில்தான் முடிந்தது என்று கொள்ள இயலாது.

இதைக் கேட்ட மாணவன் சற்றுத் தயங்கி, “அப்படியானால் குமரிக்கண்டம், சார்?” என்றான். ரோமைப் பற்றிப் பேசுவது எளிது. நம்மைப் பற்றிப் பேசுவதுதான் கடினம்!

1981-ஆம் ஆண்டுப் படம்

1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. தமிழக அரசின் பொருளுதவியுடன் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படம் அங்குத் திரையிடப்பட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கையையும், கடலுள் மூழ்கிய லெமூரியா என்ற கருத்தையும் இணைத்து, அறிவியல் உண்மையாகவே அது குமரிக்கண்டத்தைக் காட்டியது.

இவ்விரு கருத்துகளும் இணையக் கூடியவையா? லெமூரியா என்ற பெயரை 1864-இல் இட்டவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார். லெமூர் என்னும் விலங்கும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எவ்வாறு காணப்படுகின்றன என்பது அவரைக் குடைந்த கேள்வி. இடையில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என அவர் கருதினார். 1912-இல் வெக்னர் கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை வெளியிட்டார். 1960-களில் கடலடி ஆய்வுகள் அதற்கு வலுவூட்டின. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று தெளிவாயிற்று. நிலங்களே நகர்ந்திருக்கும்போது, இடையில் மூழ்கிய கண்டம் எதற்கு? ஒரு கொள்கை வந்ததால் மற்றொன்று தேவையற்றுப் போயிற்று. படமோ இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. 9 கோடி ஆண்டுகளுக்கு முன் சங்கம் வைக்கப் புலவர்கள் ஏது?

கண்டம் மூழ்குமா?

தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் மரக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டப் பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம்; அதன் கீழுள்ள கவசப் பாறையினுடையது சுமார் 3.3 கிராம். கவசம் திடப்பொருளே ஆயினும், நெடுங்காலப் போக்கில் மெல்ல மெல்ல இளகி நகரக் கூடியது. எனவே கனம் குறைந்த கண்டம் அதன்மேல் மிதக்கிறது. முழுக் கண்டமொன்று திடீரென 4,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்குவது இயற்பியலுக்கு ஒவ்வாது.

மொரீசியசுத் தீவின் அடியில் பழங்கண்டத் துணுக்கு ஒன்று புதைந்திருப்பதாக 2013-இல் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அது மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கிழிந்து, மெலிந்து, மறைந்த துண்டாகும்.

அப்படியானால் கடல் கொண்டது பொய்யா?

அவசரப்பட வேண்டாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கைக்கு நடந்தே போகலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீனவர் வலைவீசும் வாட்ஜ் திட்டும் பெரும்பாலும் தரையாகவே இருந்திருக்கும். பனி உருக, கடல் ஏறியது. நிலம் இழந்தது உண்மை; இழந்தது கரையோர நிலமேயன்றிக் கண்டமன்று. கடல் கொண்ட நாட்டைப் பற்றி இறையனார் அகப்பொருள் உரையும் அடியார்க்கு நல்லாரும் கூறுவதை இலக்கியச் சான்றாக மதித்துப் படிக்க வேண்டும். அவற்றை நிலப்படமாக்கித் திரையில் காட்டுமுன், கடலடி மண்ணையும் கேட்டாக வேண்டும்.

அருகிலிருக்கும் அதிசயம்

“அப்படியென்றால் நமக்குப் பழமையே இல்லையா, சார்?” மாணவனின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொசத்தலையாற்றின் ஓரம் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்புவும் குழுவினரும் அகழ்ந்து, அவற்றுள் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியிட்டனர். வயதைக் கணித்த விதம் இயற்பியல் மாணவர்க்கு விருந்து. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சுக் கல்லில் விண்கதிர் பட்டு பெரிலியம்-10, அலுமினியம்-26 ஆகிய கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். அலுமினியத்தின் அரைவாழ்வு சுமார் 7 லட்சம் ஆண்டு. பெரிலியத்தினுடையது சுமார் 14 லட்சம். ஒன்று விரைந்து குறைய, மற்றது மெல்லக் குறையும். இரண்டின் விகிதமே கல் புதைந்த காலத்தைச் சொல்லும் கடிகாரம்!

அக்கருவிகளைச் செய்தவர்கள் தமிழர்கள் என்றோ, நம்மைப் போன்ற மனிதர்கள் என்றோ சொல்லிவிட முடியாது. அவ்வாறு சொன்னால் நாமும் அந்த ஓவியரைப் போலவே விரலைத் திருப்பியவர்களாவோம்.

அடுத்த விடுமுறையில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் செல்வோர், அங்குள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கும் சென்று வரலாம். ஆவணப்படங்களையும் விடாமல் பாருங்கள். ஆனால் பார்க்கும்போது, “இது எப்படித் தெரிந்தது?” என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். அந்த மாணவன் இப்போது பூண்டிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.