சைக்கிள் பந்தயத்தின் ஏற்றமும் இறக்கமும்

தலைநகரில் வாழும் தமிழர்க்குப் புசா ரோடு புதிய பெயரன்று. கரோல் பாக்கை ஒட்டிச் செல்லும் இச்சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இருக்கிறது. பீகாரில் புசா என்னும் சிற்றூரில் 1905ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைவுற்றது. 1936இல் அது தில்லிக்கு இடம் பெயர்ந்தபோது ஊரின் பெயரும் உடன் வந்து, நாளடைவில் சாலைக்கும் பெயராயிற்று. ஊரை விட்டு வந்தும் ஊர்ப்பெயரை விடாத இயல்பு நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இச்சாலையின் கிழக்கே ஜண்டேவாலானில் தலைநகரின் பெயர் பெற்ற சைக்கிள் சந்தை உள்ளது. நாடு விடுதலை பெற்ற பின் வந்த இருபது ஆண்டுகளில், காலைப் பொழுதில் கரோல் பாக்கிலிருந்து செயலகம் நோக்கிச் சென்ற குமாஸ்தாக்களில் பலர் சைக்கிளிலேயே சென்றனர். சைக்கிள் வாங்க அரசே ஊழியர்க்கு முன்பணம் கொடுத்து, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அக்காலத்தில் சைக்கிள் குடும்பத்தின் சொத்து. விளையாட்டுக் கருவி என்று எவரும் அதைக் கருதியதில்லை. ஆயினும் சைக்கிள் பந்தயத்துக்குப் பெருங்கூட்டம் திரண்டதும் அக்காலத்திலேதான். இன்று பந்தயத்தின் செல்வாக்குக் குன்றியது ஏன் என்பதை ஆராயப் புகும்போது, இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இந்தியாவில் பந்தயச் சைக்கிளின் வரலாறு பழமையானது. பின்னாளில் இந்தித் திரைப்பட நடிகராகப் புகழ் பெற்ற ஜான்கிதாஸ், 1938இல் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் சைக்கிள் வீரராகக் கலந்துகொண்டார். 1946இல் இந்திய சைக்கிள் சம்மேளனம் உருவாயிற்று. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கிற்கும், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கும் நம் வீரர்கள் சென்றனர். 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புது தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுகள் நடைபெற்றபோது சைக்கிள் பந்தயமும் அவற்றுள் இடம்பெற்றது. இந்திய வீரர்கள் பதக்கமும் பெற்றனர். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய அணி மீண்டும் பங்கு பெற்றது. அதற்குப் பின் இன்றுவரை ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் இந்தியர் எவரும் இறங்கியதில்லை.

சமவெளிப் பந்தயத்தோடு மலைப் பந்தயமும் நம் நாட்டில் அக்காலத்திலேயே இருந்தது. பம்பாயிலிருந்து புனாவுக்குச் செல்லும் சைக்கிள் பந்தயம் 1945இல் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து புறப்பட்ட வீரர்கள் போர் கணவாயில் கண்டாலா ஏற்றத்தை ஏறிக் கடத்தல் வேண்டும். அவ்வேற்றத்தில் முந்துபவருக்கு மராத்தியர் 'காட்டாச்சா ராஜா' என்று பட்டம் சூட்டினர். ஓசையைக் கேட்டு இதைக் காட்டு ராஜா என்று கொள்ளலாகாது. மலைவழியின் அரசன் என்பதே பொருள். இப்பந்தயத்தில் வென்றவர்களின் பெயரை மராட்டிய நாட்டு இளைஞர் மனப்பாடமாக வைத்திருந்த காலம் உண்டு. பின்னாளில் பந்தயம் சில ஆண்டுகள் நின்றும், மீண்டும் தொடங்கியும் தள்ளாடலாயிற்று.

மலைப் பாதைக்கென்றே தனிச் சைக்கிள் தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர் சிலர், பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக் கொண்டுபோய், மண்பாதையில் உருண்டோடி வந்து மகிழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு அக்டோபரில் அதையே நேரம் குறித்து நடத்தும் பந்தயமாக்கினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கு, இறக்கம் முழுதும் அழுத்தியதால் சூடேறி, உள்ளிருந்த கிரீசு புகைந்து தீர்ந்துபோகும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் புதுக் கிரீசு அடைத்தாக வேண்டும். அதனால் அப்பந்தயத்துக்கு 'ரீபேக்', அதாவது மறு அடைப்பு, என்றே பெயர் நிலைத்தது. 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதுவும் ஒரு போட்டியாயிற்று. இருபதே ஆண்டுகளில் வேடிக்கை விளையாட்டு உலக மேடை ஏறியது.

ஆனால் ஏறிய வேகத்திலேயே ஓர் இறக்கமும் காத்திருந்தது. 1990களில் பெருங்கம்பெனிகள் பணத்தைக் கொட்டி அமெரிக்காவில் பந்தயங்களை நடத்தின. அடுத்த பத்தாண்டில் அப்பணம் பின்வாங்கியது. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்போரும் குறைந்தனர். மலைச் சைக்கிள் வாங்கியோர் குறைந்துவிடவில்லை. அவர்கள் காட்டுப் பாதையில் தம் மனம்போல் ஓட்டி மகிழ்ந்தனர். கடிகாரத்தோடு போட்டியிட விரும்பவில்லை. பந்தயமே இல்லாமலும் இன்பம் தரக்கூடிய விளையாட்டுக்கு நேரும் இடர் இது. எதிராளி இன்றிச் சடுகுடு ஆட இயலாது. ஆனால் மலையேறச் சைக்கிளும் தெம்பும் இருந்தால் போதும்.

நம் நாட்டிலும் இதன் சாயலைக் காணலாம். இமாசலப் பிரதேசத்தில் 2005இல் மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்று தொடங்கப்பெற்று, சிம்லாவை ஒட்டிய மலைகளில் பல நாள் ஓடும் போட்டியாகப் பெயர் பெற்றது. நம் நீலகிரியில் 2008 முதல் நடைபெறும் சைக்கிள் உலா, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி ஏற்றத்தால் பலரை ஈர்க்கிறது. அதில் நேரம் குறிக்கும் பகுதிகள் உண்டெனினும் உலாவே முதன்மை. 2023 அக்டோபரில், குமரி மாவட்டத்துக்கு அண்மையில் கேரளத்துப் பொன்முடியில், ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் நடைபெற்றன. ஆசியாவின் தலைசிறந்தோர் நம் வாசலுக்கே வந்தும், தமிழ்நாட்டில் அதை அறிந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விளையாட்டின் நிலை விளங்கும்.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் எவை? முதலாவது, அன்றாட வாழ்வில் சைக்கிளின் இடம் மாறியது. மக்கட்கணக்கின்படி, மோட்டார் இருசக்கர வண்டியுள்ள குடும்பங்கள் 2001இல் நூற்றுக்கு 11.7 ஆக இருந்து 2011இல் 21 ஆயின. சைக்கிள் உள்ள குடும்பங்கள் அப்பத்தாண்டில் 43.7இலிருந்து 44.8 ஆக, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றன. அதாவது, சைக்கிள் நாட்டை விட்டுப் போய்விடவில்லை, கைம்மாறியது. ஓய்வும் வருவாயும் உள்ளவர் மோட்டாருக்கு மாறினர். பிழைப்புக்காக மிதிப்பவரிடம் சைக்கிள் தங்கியது. அவருக்குப் பந்தயம் பார்க்க நேரமில்லை. அரசு ஊழியர்க்கான சைக்கிள் முன்பணமும், ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2016இல் நிறுத்தப்பட்டது. அதைக் கேட்டுப் பெறுவோரும் அருகிவிட்டனர்.

இரண்டாவது, கருவியின் விலை. அக்காலப் பந்தயங்களில் பலர் தாம் நாள்தோறும் ஓட்டிய இரும்புச் சைக்கிளின் மட்கார்டையும் கேரியரையும் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினர். அம்பத்தூரில் செய்த சைக்கிளோ, லூதியானாவில் செய்ததோ, பார்ப்பவர் வீட்டிலும் அதே வண்டி நின்றது. ஆகவே வென்றவரின் வலிமையைப் பார்ப்பவர் தம் கால்களாலேயே அளந்தறிந்தார். இன்றைய மலைப் பந்தயச் சைக்கிளின் விலைக்கு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். வீரனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே இருந்த உறவு அங்கே அறுபட்டது.

மூன்றாவது, காட்சியின் இயல்பு. மலைப் பந்தயத்தில் வீரன் ஒரு வளைவில் கணப்பொழுது தோன்றி மறைவான். பார்க்க விரும்புவோர் மலையேறிக் காத்து நிற்றல் வேண்டும். நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கோ போக்குவரத்தை நிறுத்தியாக வேண்டும். லாரிகள் நிறைந்த சாலையில் அது எளிதன்று. இதற்கிடையே 1982ஆம் ஆண்டைச் சற்றே நோக்குவோம். அவ்வாண்டு ஆசிய விளையாட்டுகளுக்காகத் தில்லியில் யமுனை சைக்கிள் அரங்கம் எழுந்தது. அதே ஆண்டில்தான் வண்ணத் தொலைக்காட்சியும் வந்தது. மறு ஆண்டு ஜூனில் கிரிக்கெட்டு உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அரங்கைக் கட்டி முடித்த வேளையில், பார்க்க வேண்டியவர்களின் கண்கள் வீட்டுக் கூடத்தின் பெட்டிக்குள் சென்றுவிட்டன.

இவ்விடத்து ஒன்றைப் பிரித்துணர்தல் வேண்டும். குறைந்தது கூட்டமேயன்றித் திறமையன்று. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தில்லியில் மரத்தளம் பதித்த புதிய உள்ளரங்கம் கட்டப்பெற்றது. அங்கே பயின்ற அந்தமான் இளைஞர் எசோ ஆல்பன், 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் இந்திய இளையோர் அணி தங்கமே வென்றது. உலகை வென்ற அவ்விளைஞர்கள் புசா ரோட்டில் நடந்து சென்றால் அடையாளம் கண்டு வணங்குவோர் அரியர். புகழ் இல்லாத வெற்றி அடுத்த தலைமுறையை அழைத்து வருவதில்லை. இதுவே உண்மையான இழப்பு. சைக்கிள் பட்டறைக்காரரின் மகனும், அலுவலகப் பணியாளரின் மகளும், பரிந்துரை இன்றி மேலேறக் கூடிய ஏணி ஒன்று இங்கே பழுதாகிக் கிடக்கிறது.

இதற்கு மருந்து எங்கே உள்ளது? அமெரிக்காவில் பெருங்கம்பெனிகள் கைவிட்ட மலைப் பந்தயத்தைப் பள்ளிகள் கைக்கொண்டன. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான சங்கம் 2009இல் அமைந்து, மாநிலந்தோறும் பரவியது. நமக்கோ இதற்கான முதல் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர்க்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. எல்லார்க்கும் ஒரே வகை வண்டி. அக்காலத்துச் சமநிலை மீண்டும் வந்திருக்கிறது. பொங்கலை ஒட்டித் தென்மாவட்டச் சிற்றூர்களில் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு சைக்கிள் பந்தயமும் நடக்கும் வழக்கம் உண்டு. பள்ளி விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைக் கண்டு சிரிக்காதவர் நம்மில் யார்? நாட்கணக்கில் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டியவரைச் சுற்றி ஊரே கூடி நின்ற நினைவு பல வீடுகளில் இன்னும் உண்டு.

வேற்று மாநிலங்களில் வாழும் நாம் பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டியும் பாட்டுப் போட்டியும் தவறாது வைக்கிறோம். அப்பட்டியலில் ஒரு சைக்கிள் பந்தயத்தையும் சேர்த்தால் செலவு பெரிதாகாது. ஒரு மைதானமும், நாலு கொடியும், நேரம் குறிக்க ஒரு கைக்கடிகாரமும் போதும். மலை இல்லாத ஊரிலும் குழந்தைகள் ஏறிப் பழகட்டும். மலை பிறகு தானே வரும்.