கணவன் கடனும் மனைவி கூலியும்: மலைத்தோட்ட முன்பணத்தின் மறுபக்கம்

கங்காணி முறை பற்றிய எழுத்துகளில் முன்பணம் பெரும்பாலும் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவாகவே விளக்கப்படுகிறது. அது கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான உறவாகவும் இருந்தது என்பது போதிய கவனம் பெறவில்லை. நெல்லியாம்பதி முதல் மூணாறு வரையுள்ள மலைத்தோட்டங்களில் கடன் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. அதை அடைத்ததோ இருவருடைய உழைப்பு.

இன்று பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களும் அவற்றுக்கு நடுவே தமிழகத்தின் வால்பாறையுமாகப் பிரிந்திருக்கும் இம்மலைகள் காலனியக் காலத்தில் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. நெல்லியாம்பதி கொச்சி அரசுக்கும், ஆனைமலை சென்னை மாகாணத்துக்கும், மூணாறு திருவிதாங்கூருக்கும் உரியவை. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார்; 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. ஆட்சிகள் வேறானாலும் ஆள்பிடிக்கும் முறை ஒன்றே. கங்காணி அல்லது மேஸ்திரி சமவெளிக் கிராமத்துக்கு வந்து, ஊரில் இருந்த பழைய கடனைத் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் பணம் கொடுப்பான். மலையேறிய பின் கம்பளியும் அரிசியும் அதே கணக்கில் ஏறும். வாரந்தோறும் கிடைப்பது ‘செலவு’ எனப்பட்ட சிறு தொகை மட்டுமே. முழுக்கணக்கு பல தோட்டங்களில் ஆண்டு முடிவில்தான் தீர்க்கப்பட்டது. அன்றைக்கும் பாக்கி நின்றால் ஊர் திரும்ப வழியில்லை.

குடும்பமாக ஆள்பிடிப்பதைக் கங்காணி விரும்பியதற்குக் காரணம் உண்டு. பெரட்டில் நிற்கும் தலை ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் அவனுக்குத் தரகு கிடைத்தது. மனைவியும் செக்ரோலில் பேர் போட்டால் தரகு இரண்டு தலைக்கு. கடனை மீட்கக் கூலியும் இரண்டு. மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒருவன் இரவில் மலையிறங்குவது எளிதன்று என்பதும் கங்காணிக்குத் தெரியும். கையெழுத்தோ கைநாட்டோ இடாமலே மனைவி கணவன் கடனுக்குப் பிணையானாள். கூலியோ ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குக் குறைவாக ஒன்று, சிறுவருக்கு அதனினும் குறைவு. குறைந்த கூலிக்காரிதான் கூடுதல் காலம் உழைத்துக் கடனை அடைக்க வேண்டியிருந்தது.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. அதன் நாயகன் தனியாள் அல்லன்; கருப்பன், வள்ளி என்ற இணையர். நாவலை ஆவணமாகக் கொள்ளலாகாது. ஆனாலும் முன்பணம் என்பது தம்பதியர் கதை என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பே அம்மருத்துவர் கண்டிருந்தார்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கி வேலை செய்யாதவனை நீதிபதி மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். 1903இல் சென்னை மாகாணம் தோட்டத் தொழிலுக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. இவை துரத்தியது முன்பணம் வாங்கியவனை. மனைவியின் நிலையை அறிய இந்து சட்ட மரபை நோக்க வேண்டும். யாக்ஞவல்கிய ஸ்மிருதி, கணவன் பட்ட கடனை மனைவி கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. குடும்பத்துக்காகப் பட்டதும், அவளே ஒப்புக்கொண்டதும், கணவனோடு சேர்ந்து வாங்கியதும் விதிவிலக்குகள். இடையர், வண்ணார், வேடர் முதலியோரின் மனைவியர் பட்ட கடனைக் கணவரே தீர்க்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. அவர்கள் பிழைப்பு மனைவியரைச் சார்ந்திருப்பதே காரணமாம். உழைக்கும் குடும்பங்களில் கடன் ஒருவரோடு நிற்பதில்லை என்பதைப் பழைய சட்டநூலாரும் அறிந்திருந்தனர்.

கூலி பற்றிய விதிதான் சிக்கலானது. மணவாழ்வில் பெண் கைத்தொழிலால் ஈட்டும் பொருள் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நிலை. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று சொன்ன 1874ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் விலக்கியே வைத்தது. ஆகவே கணவன் கடனுக்கு அவள் பொறுப்பாளி அல்லள் என்ற பாதுகாப்பு பெயரளவில் நின்றது. கடனில் அவளுக்குப் பங்கில்லை, கூலியிலும் அவளுக்கு உரிமையில்லை என்றால் அந்தக் கூலி எங்கே போகும்? கங்காணி கணக்குக்குத்தான்.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கே ‘துண்டு’ என்ற சீட்டு தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்தது. அதைச் செலுத்திய தோட்டமே அவனைப் பெறும். 1921இல் துண்டு ஒழிந்தது. ஆனால் மனைவியின் சம்பளத்தைக் கணவன் சென்று வாங்கும் வழக்கம் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்ததை ரேச்சல் குரியனின் ஆய்வுகள் காட்டுகின்றன. கடன் சீட்டை ஒழிப்பது அரசுக்கு எளிதாயிருந்தது. சம்பள மேசையில் நீளும் கையை மாற்றுவது அவ்வளவு எளிதாயில்லை.

இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல் நீக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டியது அவளுக்கே முழு உரிமையுடையது என்றது. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டபோது நாட்கூலி 232 ரூபாய். பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனசை எதிர்த்து, ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களையும் விலக்கி வைத்து அவர்கள் போராடினர். போனசும் கருணைத்தொகையுமாக இருபது விழுக்காடு பெற்றனர். பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் கூலி 301 ரூபாயாயிற்று. அதைக் கூலிப்போராட்டமாக மட்டும் வாசிப்பது குறைவாசிப்பு. தங்கள் கூலியைப் பற்றித் தாங்களே பேரம் பேசுவோம் என்ற கோரிக்கை, மேற்சொன்ன நூற்றாண்டுக் கணக்கின் பின்னணியில் வேறு பொருள் பெறுகிறது.

இதற்கிடையே கடன் பதிவேடும் தலைகீழாயிற்று. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, 2018இல் பாலக்காடு மாவட்டத்தில் முதலில் நடப்புக்கு வந்த ‘முற்றத்தெ முல்ல’ ஆகிய ஏற்பாடுகள் வட்டிக்காரரின் பிடியிலிருந்து குடும்பங்களை மீட்கப் பெண்கள் குழுக்களின் வழியே கடன் தருகின்றன. தமிழகக் கிராமங்களை ஆராய்ந்த இசபெல் கெரான் முதலியோர், குடும்பத்தின் கடன்களைச் சுமந்து, ஒன்றை வாங்கி மற்றொன்றை அடைத்து நிர்வகிப்பவள் பெண்ணே என்று 2023இல் வெளியான நூலில் எழுதுகின்றனர். கங்காணியின் பேரேட்டில் காணாத மனைவியின் பெயர் இப்போது குழுவின் பதிவேட்டில் கடனாளியாக முதல் வரியில் இருக்கிறது. அந்தத் தொகையில் கணவனின் பழைய பாக்கிக்குப் போனது எவ்வளவு என்பதற்கு அப்பதிவேட்டிலும் பத்தி இல்லை.