நூலறுந்த மணிகள்

மணமகளின் கழுத்தில் கருகமணி கட்டுவது தமிழ் முஸ்லிம்கள் வாழும் பல ஊர்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இது மார்க்கம் விதித்த கடமையன்று, நாட்டு வழக்கு. பொன்னோடு சேர்த்துக் கோக்கப்படும் அந்தச் சின்னஞ்சிறு கருமணி கண்ணாடியால் ஆனது. மணலும் காரமும் தீயில் உருகிப் பிறந்த பொருள் அது. பொன்னின் எடையையும் மாற்றையும் நுணுகிப் பார்க்கும் நாம், அதன் பக்கத்தில் அடக்கமாக அமர்ந்திருக்கும் கண்ணாடி மணியின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. விசாரிக்கப் புகுந்தாலோ, அது நம்மை அரிக்கமேட்டிலிருந்து ஆப்பிரிக்காவின் உள்நாடு வரையில் அழைத்துச் சென்றுவிடும். பெருமிதம் கொள்ளத்தக்க செய்திகள் அவ்வழியில் உண்டு. தலைகுனிய வைக்கும் செய்திகளும் உண்டு.

மதுரை சுல்தானின் நாட்டிலும் சில காலம் தங்கிச் சென்ற பயணி இப்னு பதூதா, ஹிஜ்ரி 753 முஹர்ரமில், அதாவது கி.பி. 1352-இல், சிஜில்மாஸாவிலிருந்து புறப்பட்டு சஹாராவைக் கடந்து மாலி நாட்டை அடைந்தார். அந்நாட்டில் வழிச்செல்வோர் உணவையோ நாணயத்தையோ சுமக்க வேண்டியதில்லை என்கிறார் அவர். உப்புக் கட்டிகளும், கண்ணாடி அணிகளும், சிறிது நறுமணப் பண்டங்களும் இருந்தால் போதும். ஓர் ஊரை அடைந்ததும் பெண்கள் தானியம், பால், கோழி, அரிசி முதலியவற்றைக் கொணர்வார்கள், வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கண்ணாடி அணிகளை மக்கள் ‘நள்ம்’ என்று அழைத்ததாக அவர் குறிப்பிடுகிறார். அரபு கற்றோர்க்கு இச்சொல் புதிதன்று. நூலில் கோப்பது என்பது அதன் பொருள். செய்யுளுக்கும் அதுவே பெயர். அதற்கு எதிர்ச்சொல் ‘நஸ்ர்’. சிதறுதல் என்பது பொருள். உரைநடைக்கு அது பெயராயிற்று. கோத்தலும் சிதறலும் ஆகிய இவ்விரு சொற்களையும் அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அரிக்கமேட்டின் கைவண்ணம்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தார். உரோமானிய மட்கலங்கள் கிடைத்ததால் அவ்விடத்தின் காலத்தைக் கணிக்க இயன்றது. அன்று உலகத்தார் கண்கள் அந்த மட்கலங்களையே மொய்த்தன. காலடியில் கிடந்த கண்ணாடி மணிகளின் பெருமை முழுவதும் விளங்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

தென்கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்கக் கீழைக் கரையிலும் ஒரே மாதிரியான சிறு மணிகள் கிடைப்பதைக் கண்ட டச்சு அறிஞர் வான் டெர் ஸ்லீன், பருவக் காற்றோடு பரவியமை கருதி அவற்றுக்கு ‘வணிகக்காற்று மணிகள்’ என்று பெயரிட்டார். பின்னர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றை ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என வழங்கினார். பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு உட்பட்ட, ஒரே நிறமுடைய மணிகள் இவை. செங்கல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், கருமை என நிறங்கள் பல. ஆசியாவின் கடல்வழி மணி வணிகத்தைப் பற்றிய அவரது பெருநூல் 2002-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

இம்மணியைச் செய்யும் முறை வியக்கத்தக்கது. உள்ளீடற்ற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுவார்கள். குழாயின் உள்ளே செலுத்திய கம்பி அக்கூம்பைத் துளைக்கும். அடுப்பின் மறுபுறத்தில் அமர்ந்த தொழிலாளி அதன் நுனியைப் பற்றி இழுக்க இழுக்க, நடுவே துளையுடைய மெல்லிய கண்ணாடிக் குழல் அறுபடாமல் வந்துகொண்டே இருக்கும். குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதிருக்கச் சாம்பலோடு கலந்து, மீண்டும் சூடேற்றிக் கிளறினால் கூர்விளிம்புகள் மழுங்கி மணியாகிவிடும். ஒவ்வொன்றாகச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செய்யும் வழி இது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இக்கைத்தொழில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்ததனாலேயே, பண்டைய முறையை அறிஞர்கள் கண்ணால் கண்டு எழுத முடிந்தது.

இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ, மலேசியாவின் கோலா செலின்சிங் ஆகிய இடங்களிலும் இவ்வகை மணிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பண்டம் மட்டுமன்றிக் கைத்திறனும் கடல் கடந்தது என்பது பிரான்சிஸின் கருத்து. தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டமையைக் கூறுகிறது. மணி விற்றதனால் மணிக்கிராமத்தார் என்று முடிவு கட்டிவிடலாகாது. ‘வணிக்கிராமம்’ என்பதே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலரின் துணிபு. ஒலி ஒத்திருப்பது கொண்டு வரலாறு எழுதுவது நம்மிடையே மலிந்த பிழை.

மணிக்கு ஈடாகச் சென்றவை

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ ஆற்றங்கரையில் மபுங்குப்வே என்னும் பழைய தலைநகரம் உண்டு. அதற்குச் சற்று முந்திய கே-2 என்னும் குடியிருப்பும் அருகிலேயே இருக்கிறது. கி.பி. 1000 முதல் 1300 வரையிலான இவ்விரு இடங்களிலும் கண்ணாடி மணிகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்தன. கிழக்குக் கரைத் துறைமுகங்களின் வழியாக அவை சென்றன. ஈடாகப் பொன்னும் யானைத் தந்தமும் வந்தன. கே-2 மக்கள் வந்த மணிகளை அப்படியே அணிந்ததோடு நில்லாமல், அவற்றை உருக்கிக் களிமண் அச்சில் வார்த்துத் தமக்கு உகந்த பெரிய மணிகளாக்கிக் கொண்டார்கள். கண்ணாடியைக் கண்டு மயங்கிய பேதைகள் என்று ஆப்பிரிக்க மக்களை ஏளனம் செய்வோர் இதனைக் கருத வேண்டும்.

அம்மக்கள் எத்துணைத் தேர்ந்த சுவையினர் என்பதைப் போர்த்துக்கீசியர் நேரில் உணர்ந்தனர். அவர்கள் ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்த மணிகள் சொபாலாவில் விலைபோகவில்லை. கம்பாயத்திலிருந்து முஸ்லிம் வணிகர்கள் கொணர்ந்து பழக்கிய மணிகளையே மக்கள் கேட்டனர். போர்த்துக்கீசியரும் அவற்றையே தேடிப்பிடிக்க நேர்ந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நிலை மாறவில்லை. 1857-இல் ஏரிகளைத் தேடிப் புறப்பட்ட ரிச்சர்டு பர்ட்டன், உள்நாட்டில் ஊருக்கு ஊர் மணியின் நாகரிகம் மாறுவதையும், ஓரிடத்தில் பொன்போல் மதிக்கப்படும் மணி அடுத்த இடத்தில் கூழாங்கல்லாகி விடுவதையும் விரிவாக எழுதினார். பவளச் சிவப்பு மணி ஒன்றுக்கு ‘ஊணை முடிப்பது’ என்னும் பொருளில் ஒரு பெயர் வழங்கியது. அதனைப் பெற உணவையும் கொடுத்துவிடுவார்கள் என்பது கருத்து.

ஆயினும் மணிக்கு ஈடாகப் பொன்னும் தந்தமும் மட்டுமா சென்றன? மனிதரும் சென்றனர். வெனிஸ் நகரத்தின் கண்ணாடி உலைகள் 1291-இல் முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. அங்கும் வெனிஸிலும் பிற்காலத்தில் செய்யப்பட்ட மணிகள் அட்லாண்டிக் அடிமை வணிகக் கப்பல்களில் பீப்பாய் பீப்பாயாக ஏறின. அவ்வணிகத்தில் துணிக்கே முதலிடம். துப்பாக்கி, மது, சோழி ஆகியவற்றோடு மணியும் ஒரு பங்கு. இதனை ஐரோப்பியரின் குற்றம் என்று மட்டும் எழுதி நாம் கைகழுவிவிட முடியாது. கிழக்குக் கரையிலிருந்து தபோராவுக்கும் உஜிஜிக்கும் சென்ற அரபு, சுவாஹிலி வணிகக் கூட்டங்களும் மணி மூட்டைகளைச் சுமந்து சென்று, தந்தத்தோடு அடிமைகளையும் கொண்டுவந்தன. அடிமையை விடுதலை செய்வது நற்செயல் என்று வேதத்தில் ஓதியவர்களே அதனையும் செய்தார்கள். நம்மவர் என்பதற்காக மறைப்பது வரலாற்றுக்கும் துரோகம், மார்க்கத்துக்கும் துரோகம்.

அதேபோல் பொய்க்கதையையும் விலக்க வேண்டும். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை டச்சுக்காரர் 24 டாலர் மணிகளுக்கு வாங்கியதாகப் பலரும் கூறுவர். 1626-ஆம் ஆண்டுக் கடிதம் 60 கில்டர் பெறுமானம் என்று மட்டுமே சொல்கிறது. மணி என்ற பேச்சே அதில் இல்லை. அக்கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. இதனைத் துலக்கியவர் மணிகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அந்தப் பீட்டர் பிரான்சிஸ்தான். தாம் நேசிக்கும் பொருளுக்குப் பொய்ப்புகழ் வேண்டாம் என்று மறுத்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

சேகரிப்போர் செய்வது

பழைய மணிகளைச் சேகரிப்பதும் ஒரு கலையே. ஹோரேஸ் பெக் என்னும் ஆங்கிலேயர் 1928-இல் மணிகளுக்கு வகைப்பாடும் பெயரும் வகுத்தளித்தார். அவர் திரட்டியவை கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் ஆய்வுக்குப் பயன்பட்டன. 1960-களிலும் 70-களிலும் மேற்கு ஆப்பிரிக்க வணிகர்கள் வெனிஸின் பழைய மணிகளைச் சரம் சரமாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்பக் கொண்டுசென்று விற்றனர். 1974-இல் மணிகளுக்கென்றே ஒரு பத்திரிகை அமெரிக்காவில் தோன்றிற்று. ஆர்வம் பெருகவே விலை ஏறிற்று. விலை ஏறவே போலிகள் பெருகின. அதைவிடக் கொடியது, விற்பதற்காகப் பழைய மேடுகளைத் தோண்டுவது.

இதில் பிறரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடன் அரிக்கமேட்டைக் காணச் சென்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் கரைந்த இடங்களில் மணிகள் மின்னின. பேராசையால் ஒரு கைப்பிடி பொறுக்கி வந்து அத்தர்க் குப்பி ஒன்றில் போட்டு வைத்தேன். மாணவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு. அண்மையில் தொல்லியல் பயிலும் பழைய மாணவர் ஒருவர் அக்குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “உஸ்தாத், இவை எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தன?” என்று பணிவோடு கேட்டார். பதில் கூற நாவெழவில்லை.

அவர் மேலும் விளக்கினார். இன்று ஒரு மணியில் கண்ணுக்குத் தெரியாத அளவே துகளெடுத்து, அதிலுள்ள சோடா, அலுமினா முதலியவற்றின் அளவைக் கொண்டு அது எந்நாட்டுக் கண்ணாடி என்று சொல்லிவிடலாம். ஆனால் அது எப்போது, யார் கையில், எந்த வீட்டில் இருந்தது என்பதை அது கிடந்த மண்ணடுக்கே சொல்லும். மணியைப் பிடுங்கியவன் அச்சாட்சியை அழித்துவிடுகிறான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. சட்டம் துறைமுகத்தில் காவல் நிற்கலாம். மழைக்குப் பின் மேட்டில் குனியும் கையைத் தடுப்பது மனச்சான்றின் வேலை.

நூலில் கோத்திருக்கும் வரையில் மணி ஒரு செய்யுள். அது கிடந்த மண்ணும், உடன் கிடந்த ஓடும், அணிந்தவளின் கல்லறையுமே அதன் நூல். அந்நூலை அறுத்தபின் எஞ்சுவது அழகிய சிதறல், நள்ம் நஸ்ராகிவிடுகிறது. என் குப்பியிலிருப்பவை இனி எதையும் சொல்லமாட்டா. ஆகவே அவற்றை ஒப்படைத்துவிட எண்ணியிருக்கிறேன். எங்கே எடுத்தேன் என்பதை நினைவுக்கு எட்டியவரை ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருக்கிறேன். வாசகர் இல்லங்களில் பாட்டிமார் விட்டுச்சென்ற பழைய கருகமணியோ பாசிமணியோ இருக்குமாயின், அதனை விற்கவும் வேண்டாம், கழற்றிப் புதிதாகக் கோக்கவும் வேண்டாம். அதனை யார் அணிந்தார், எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அறிந்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அறுந்த நூலை நம்மால் மீட்க முடியாது. அறாமல் இருக்கும் நூலையாவது காப்போம்.