ஏன் என்று காட்டிய கணக்கு

இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் படிக்கும் 'அல்ஜீப்ரா' என்னும் சொல், ஓர் அரபு நூலின் பெயரிலிருந்து வந்தது. கலீஃபா அல்மஃமூன் ஆட்சியில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூல் அது. 'அல்ஜப்ர்' என்றால் உடைந்ததைப் பொருத்திச் சீராக்குதல். கணக்கில், ஒருபுறம் கழிந்து நிற்பதை இருபுறமும் கூட்டி நிறைவாக்குவதை அது குறிக்கும்.

வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படவே இந்நூலை எழுதியதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். நூலின் பிற்பகுதி வஸிய்யத்துக் கணக்குகளுக்கே உரியது.

அவர் தரும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் 10 மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? 10-இல் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39-உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் விடை 3.

விடை கிடைத்ததும் அவர் நிறுத்திவிடவில்லை. ஒரு சதுரம் வரைகிறார். அதன் பக்கமே நாம் தேடும் எண். அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டுகிறார். மூன்றின் பரப்பும் சேர்ந்து 39. மூலையில் மட்டும் 25 பரப்புள்ள சிறு சதுரம் குறைகிறது. அதை நிரப்பினால் 64 பரப்புள்ள முழுச் சதுரம், பக்கம் 8. ஒட்டிய 5 போக, மீதி 3. விதி ஏன் பொருந்துகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

பின்னர், ஹர்ரானைச் சேர்ந்த முஸ்லிமல்லாத அறிஞர் தாபித் இப்னு குர்ரா, கிரேக்கரான யூக்ளிடின் தேற்றங்களைக் கொண்டு இவ்விதிகளை நிறுவினார். உமர் கய்யாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகளால் தீர்த்து, தீர்வுக்கு நிறுவல்களும் தந்தார்.

தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தைப் பங்கிடும்போது, 'கணக்கு சரிதான், நம்புங்கள்' என்றால் உடன்பிறந்தோர் மனம் ஆறுமா? எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். அல்குவாரிஸ்மியின் பெயரை மேடைகளில் பெருமையோடு சொல்லும் நாம், பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் 'மனப்பாடம் செய்' என்கிறோம். இன்றிரவு பிள்ளையோடு அமர்ந்து அந்தச் சதுரத்தை ஒரு தாளில் வரைந்து பார்ப்போம். அவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.