சலாபத்தின் நாற்றமும் கிணற்றின் தெளிந்த நீரும்

மணப்பாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயிலையும், பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1544-ல் அவர் இவ்வூரிலிருந்து எழுதிய கடிதங்கள் பரதவர் வரலாற்றை எழுதுவோருக்கு முதன்மைச் சான்றுகள். வேம்பார் தொடங்கி மணப்பாடு வரையிலான ஏழு கடற்றுறைகளின் வரலாறு முத்தோடு பின்னியது. பாண்டியர், போர்த்துக்கீசியர், 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என யார் வந்தாலும் கண் முத்தின் மீதுதான் இருந்தது. ஆனால் சிப்பிக்குள்ளிருந்து முத்தைப் பிரித்தெடுக்கும் வேலையில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்பதை இவ்வரலாற்றில் நாம் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: ஒரு நுண்ணுயிர் நண்பனா பகைவனா என்பதை அதன் பிறவிக் குணம் மட்டும் முடிவு செய்வதில்லை. அது எங்கே இருக்கிறது, உடன் யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மனித உடலின் நுண்ணுயிர்த் தொகுதியைப் பற்றி இன்று ஆய்வகங்கள் சொல்வதும் இதையே.

முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த நாட்களில் தோணிகள் கரை திரும்பியதும் சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடிப் பக்கம், கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்த குளியாட்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுடையது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் ஒவ்வொரு சிப்பியையும் கத்தியால் பிளந்து பார்ப்பது கட்டுப்படியாகாது. எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 1905-ல் ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள் என்றால் அளவு புரியும். ஆகவே வேலியடைத்த இடத்தில் சிப்பிகளைக் குவித்து ஒரு வாரம், பத்து நாள் அழுக விட்டார்கள். வெயிலில் சிப்பி வாய் பிளக்கும், ஈ மொய்க்கும், புழு வைக்கும், சதை கூழாகும். பிறகு மரத்தொட்டியில் கடல்நீர் ஊற்றி அலசி, ஓட்டைக் களைந்து, அடியில் தங்கிய மண்டியைக் காயவைத்துத் திரும்பத் திரும்பச் சலித்து முத்தைப் பொறுக்குவார்கள். பாதி வேலையை ஈப்புழு செய்தது, குளியாட்களுக்கு நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது என்று இதை மறுக்கலாம். இரண்டும் உண்மை. முன்னோர் நுண்ணுயிரியல் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. எத்தனை நாள் விடுவது, எந்தப் பதத்தில் அலசுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அழுகலைத் தங்கள் வேலைக்குப் பழக்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு அது போதும்.

அந்த நாற்றத்தைக் குறிப்பிடாத பயணி அரிது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டு மருத்துவம் பெரிதும் நம்பியது. அழுகும் சிப்பிக் குவியல் மீது சந்தேகம் விழுந்ததில் வியப்பில்லை. 1817-ல் வங்காளத்தில் கிளம்பிய காலரா தென்கோடிவரை பரவி இலங்கைக்கும் தாண்டியது. அதன் பிறகு, வெறும் மணலில் சில வாரங்களுக்கென்று ஆயிரக்கணக்கானோர் கூடி, ஒருசில கிணறுகளை நம்பி வாழ்ந்த சலாப முகாம்களுக்குக் காலரா நிரந்தர அச்சமாயிற்று. 1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைத் தனித்து வளர்த்தார். 1959-ல் அதே நகரில் சம்புநாத் தே அதன் நஞ்சைக் கண்டறிந்தார். மூக்கைத் துளைத்த குவியல் காலராவுக்குக் காரணமில்லை. கொன்றது, நிறமும் மணமும் இல்லாமல் ஒருவர் குடலிலிருந்து கிணற்று நீர் வழியே இன்னொருவர் குடலுக்குப் போனது. அதே காலராக் கிருமி கழிமுகங்களில் நுண்ணிய மிதவை உயிரிகளைப் பற்றிக்கொண்டு இயல்பாக வாழ்கிறது என்பதும் பின்னர் தெரிய வந்தது. நம் சிறுகுடலுக்குள் புகும்போதுதான் அது கொலைகாரன் ஆகிறது.

தூத்துக்குடி டச்சுக்காரர் கையில் இருந்த 1683-ல், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆண்டனி வான் லீவன்ஹுக் தன் பல்லிடுக்கில் சுரண்டிய அழுக்கை உருப்பெருக்கியில் வைத்து, அதில் உயிர்கள் நீந்துவதைக் கண்டு எழுதினார். மனித உடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிய முதல் சாட்சியங்களில் ஒன்று அது. ஆனால் கோக்கின் வழிமுறை ஒரு கிருமியைத் தனியே பிரித்து ஒரு நோயோடு முடிச்சுப் போடுவதற்கானது. பகைவரைப் பிடிப்பதில் அதற்கு நிகரில்லை. குடலில் வாழும் பெரும்பாலானவை பிராணவாயு பட்டால் தாங்காதவை, சாதாரண வளர்ப்புத் தட்டில் முளைக்காதவை. அவை நெடுங்காலம் கணக்கில் வரவில்லை.

அவற்றைக் கணக்கில் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று தமிழகத்தில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாதன் முதலியோர், உணவுச் சத்தை உடல் உறிஞ்சாமல் மெலியவைக்கும் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தார்கள். அதற்காக நோயாளிகளின் குடலோடு, நலமாக இருந்த தென்னிந்தியர் குடலிலும் என்னென்ன வாழ்கின்றன என்று வளர்த்துப் பார்த்து 1972-ல் வெளியிட்டார்கள். 1980-ல் அதே குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது இன்னும் முக்கியமானது: சிறுகுடல் பாக்டீரியாக்களில் சில பி12 வைட்டமினை உண்டாக்குகின்றன. பி12 உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி என்பதால், புலால் உண்ணாதோர்க்கு இது எவ்வளவு உதவுகிறது என்ற கேள்வி அங்கே பிறந்தது.

2000-ல் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் வேலூர்க் குழு காலராவையே எடுத்துக்கொண்டது. வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்து, 48 நோயாளிகள் கொண்ட ஆய்வில் சோதித்தார்கள். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களை உண்டாக்கும். அவை உப்பையும் நீரையும் உறிஞ்சக் குடலைத் தூண்டும். வயிற்றுப்போக்கின் அளவும் குறைந்தது, நீடித்த நேரமும் குறைந்தது. ஒரு கிருமி உண்டாக்கிய நோய்க்கு எதிராக உடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளையே வேலைக்கு அமர்த்திய சிகிச்சை இது. காலராவை அடக்கியது நல்ல குடிநீரும் கழிப்பறையும்தானே, நட்புக் கிருமி என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தடுத்தவை அவைதான், அந்த முதலிடத்தை யாரும் பறிக்க முடியாது. நோய் வந்த பின் உடலை மீட்பதில்தான் நட்புக் கிருமிக்கு இடம்.

இன்று வளர்ப்புத் தட்டு தேவையில்லை. மரபணுவைப் படித்தே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2012-ல் வெளியான புகழ்பெற்ற மனித நுண்ணுயிர்த் தொகுதித் திட்டம் ஆராய்ந்தது 242 அமெரிக்கர்களை. மீனும் கருவாடும் பழையதும் உண்டு, கடற்கரைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த ஒருவரின் குடலை அந்தப் பட்டியலை வைத்து அளக்க முடியாது. தூத்துக்குடியில் கடைசிப் பெரும் சலாபம் முடிந்தது 1961-ல். அதில் குளித்தவர்கள் இப்போது முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். வேலூர் அன்று செய்ததுபோல, நலமாக இருக்கும் கடற்கரை மக்களிடமிருந்து, அவர்கள் உணவையும் நீரையும் சேர்த்துப் பதிந்து தொடங்கும் ஆய்வொன்றைத் தென்மாவட்டப் பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் அந்தக் குளியாட்களின் காலத்துக்குள் கையிலெடுக்க வேண்டும்.