தங்கமீன் மேலே வந்து வாய் பிளக்குதா? மருந்துக்கு முன்னாடி தண்ணீரைப் பாருங்க

கொச்சி அருகே கும்பளங்கி காயலில் வளரும் கரிமீன் உவர்நீரைத் தாங்கும். உங்க மேசையில் இருக்கும் தங்கமீன் நன்னீர் மீன். ஆனால் இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: தண்ணீர் கெட்டால் மீனும் கெடும்.

என்ன அறிகுறி?

• மேல்மட்டத்தில் வாய் பிளந்தால்: ஆக்ஸிஜன் குறைவு அல்லது அம்மோனியா.
• உப்பு தூவியது போல வெண்புள்ளி: 'இக்' ஒட்டுண்ணி.
• வயிறு வீங்கி, செதில்கள் சிலிர்த்து நின்றால்: நீர்க்கோவை. பிழைப்பது கடினம்.

என்ன செய்யலாம்?

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0 காட்டணும். இல்லையென்றால் 25-30% தண்ணீரை மாத்துங்க, ஆன்டி-குளோரின் சேர்த்து. மொத்தமா மாத்தினால் அந்த அதிர்ச்சியே மீனைக் கொல்லலாம். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீங்க; அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைக் குளோரின் அழிச்சிடும்.

வெண்புள்ளிக்கு லிட்டருக்கு 2-3 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. புள்ளி மறைந்ததும் நிறுத்த வேண்டாம்; தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் ஒட்டுண்ணி சாகும்.

ஆன்டிபயாடிக்கை நீங்களே போடாதீங்க, கால்நடை மருத்துவரைக் கேளுங்க. வளர்க்க முடியலையா? ஏரியிலோ காயலிலோ விடாதீங்க. நோயும் கூடவே போகும்.

நல்ல தண்ணீரில் தங்கமீன் 10 ஆண்டுக்கு மேல் வாழும். சின்னக் கண்ணாடிக் கிண்ணம் அதற்குப் போதாது.